அவள் ஏன் குரல் கொடுக்கவில்லை?

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால். ஊர் சென்னையை ஒட்டிய திருமுல்லைவாயில். நாங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த விவசாயக் குடும்பம். என் மாமனார் நெல் விளைவித்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள்தான் விளைகின்றன. நிலம் போன பிறகு என் வீட்டுக்காரர் பாடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டுப்போன இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. தப்பு கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். வீட்டில் அந்த வேலையை நான் இலவசமாகச் செய்கிறேன் என்பது அவருடைய குறை.

எங்களுக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேரையும் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்திருந்தோம். எங்கள் பக்கத்தில் சாமி கும்பிடுகிற குடும்பங்களும் பெண் பிள்ளைகளை அங்கேதான் சேர்க்கப் பார்ப்பார்கள். படிப்பு நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். சிஸ்டர்கள் இருக்கிற இடத்தில் பயமில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். அட்மிஷனுக்காக நானும் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றவள்தான். இடம் கிடைத்த அன்று மாசிலாமணீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்தேன். சிஸ்டர் பள்ளியில் இடம் கிடைத்ததற்குச் சிவன் கோயிலில் அர்ச்சனையா என்று என் நாத்தனார் சிரித்தாள். யார் கொடுத்தால் என்ன, நன்றி சொல்லத்தானே வேண்டும்.

அந்தப் பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒவ்வொரு வகுப்பிலும் 'சமாதானம்' நடக்கும். அந்த வாரம் சண்டை போட்டுக்கொண்ட பிள்ளைகள் முன்னால் வந்து எதிரெதிரே நிற்பார்கள். தப்பு செய்த பிள்ளை, என்ன செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். மற்றப் பிள்ளை வலது கையை நீட்டி, 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டே ஒரு சின்ன ஜெபம். பிறகு வகுப்பே கைதட்டும். அதோடு அந்த விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி வகுப்பிலும் பேசக் கூடாது, வீட்டுக்குப் போயும் பேசக் கூடாது. மறுபடி எடுத்துப் பேசுகிறவர் சமாதானத்தை உடைத்தவர். முதலில் தப்பு செய்தவரைவிட அவர்தான் பெரிய குற்றவாளி.

பெற்றோர் கூட்டத்தில் தலைமை சிஸ்டர் இதை விளக்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் நிலத்தைப் பங்கு பிரித்தபோது ஒரு கிணற்றுக்காகப் பேச்சை நிறுத்திய இரண்டு பேர், அந்தக் கிணறு தூர்ந்து அதன் மேல் வீடு வந்த பிறகும் பேசிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு, என் பெண்களாவது மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் வளர்வார்களே என்று இருந்தது.

அந்த வழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ரிப்பனுக்கும் ரிமோட்டுக்கும் நடக்கிற சண்டையைத் தீர்க்க அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால், யார் முதலில் கிள்ளினார்கள் என்று பஞ்சாயத்து செய்ய யாருக்குத் தெம்பு இருக்கிறது? கை கொடு, மன்னித்துவிட்டேன் என்று சொல், முடிந்தது, இனிமேல் அந்தப் பேச்சு வரக் கூடாது. நானே அந்தப் பள்ளியில் படித்தவள் மாதிரி அதை நடத்துவேன். சின்னவள் கையை நீட்டிக்கொண்டே நாக்கைத் துருத்துவாள். பெரியவள் அப்படியில்லை. சொன்னதைச் சொன்னபடி நம்புகிற பிள்ளை அவள். ஒருமுறை கை கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் அந்தச் சண்டையை மறந்தும் எடுக்க மாட்டாள். என்னைப் பொறுத்தவரை அவள்தான் நல்ல பிள்ளை.

பெரியவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. நன்றாகப் பாடுவாள். பள்ளியின் பாடகர் குழுவில் சேர்த்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் விழாவில் ஒரு பாட்டில் நடுவில் அவள் மட்டும் தனியாகப் பாட வேண்டிய வரிகள் இருந்தன. வீட்டில் பாத்திரம் துலக்கும்போதுகூட எனக்கு அந்த வரிகள் வாயில் வந்துவிடும். அவர்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தவர் இளம் வயது ஆசிரியர். கீபோர்டில் உட்கார்ந்தால் பிள்ளைகள் அவரைச் சுற்றி மொய்ப்பார்கள். அவர் வந்த பிறகுதான் எங்கள் பள்ளி போட்டிகளில் ஜெயிக்க ஆரம்பித்தது என்று எல்லாப் பெற்றோரும் சொல்வோம். கண்டிப்பானவர் என்றும் சொல்வோம். அதைக் குறையாக யாரும் சொன்னதில்லை.

அன்று காலையிலிருந்தே மழை. எங்கள் கம்பெனியில் கேட்டிலேயே செல்போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் போனைக் கையில் வாங்கினால் திரை முழுக்க என் நாத்தனாரின் மிஸ்டு கால்கள். அடுத்த தெருவில் இருக்கும் அவள்தான் நாங்கள் வேலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். கூப்பிட்டேன்.

"அண்ணி, பெரியவ இன்னும் வரல. சின்னவ மட்டுந்தான் வந்தா. பாட்டு கிளாஸுன்னு பாத்துகினு இருந்தேன். இருட்டிகினு வருது, எனுக்கு பயமா கீது."

பாட்டு வகுப்பு இருக்கிற நாளில் பெரியவள் வேனின் இரண்டாவது ட்ரிப்பில்தான் வருவாள். வேன் ஓட்டுகிற தம்பியைக் கூப்பிட்டேன். 

"பாப்பா வேனாண்ட வரலக்கா. மழைன்னு நெறைய பேரு வந்து புள்ளைங்கள இட்டுகினு பூட்டாங்க. அண்ணனும் வந்து இட்டுகினு பூட்டாருன்னு நெனச்சிட்டேன்."

என் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அம்பத்தூரிலிருந்து வருகிற ரோடு மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்குப் பின்னால் லாரி. முழங்கால் தண்ணீரில் ஆட்டோ நின்று நின்று போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னவோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாதாவையும் சேர்த்துத்தான்.

பள்ளியில் கரண்ட் இல்லை. வாட்ச்மேனும் தலைமை சிஸ்டரும் இன்னும் இரண்டு சிஸ்டர்களும் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். வகுப்பறைகள், பாத்ரூம், மாடிப்படி, சிற்றாலயம், சைக்கிள் நிற்கிற கொட்டகை. எல்லா இடத்திலும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பாட்டு அறைக்கும் போனேன். தாழ்ப்பாளைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நாற்காலிகள், துணி போர்த்திய கீபோர்டு, சுவரில் கலர் காகிதத்தில் வெட்டிய நட்சத்திரங்கள். மூலையில் இன்னொரு சின்னக் கதவு, வெளியே தாழ் போட்டிருந்தது. வாத்தியங்களைப் போட்டு வைக்கிற அறை என்று கூட வந்த சிஸ்டர் சொன்னார். வெளியே தாழ் போட்ட அறைக்குள் பிள்ளை எப்படிப் போகும் என்று எனக்குத் தோன்றியது. அங்கேயே நின்று அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

தலைமை சிஸ்டர் பாட்டு ஆசிரியரின் போனுக்கு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். அவர் பைக்கில் வேறு இடத்துக்கு வகுப்பெடுக்கப் போய்க்கொண்டிருந்தாராம், எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தார். சிஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார். பிள்ளை வீட்டுக்கு வரவில்லை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். மறுபக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. 

"சிஸ்டர், அந்த உள் ரூம். நான் மறந்துட்டேன். ஐயோ, உள் ரூமைப் பாருங்க."

ஓடினோம். தாழை யார் திறந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. ஜன்னல் இல்லாத அறை. தூசி நெடி. ஒரு பெரிய டிரம் பெட்டியின் மேல் என் பெண் ஸ்கூல் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். யூனிஃபார்ம் நனைந்திருந்தது. அது மழையில் நனைந்தது இல்லை. அதைப் பையை வைத்து மறைக்கப் பார்த்தாள்.  

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பத்து வயசுப் பிள்ளையின் கனம் அன்று தெரியவில்லை. நான் கேட்ட முதல் கேள்வி, ஏதாவது ஆனதா என்பதில்லை. பயம் போன நிமிஷத்தில் நமக்குக் கோபம்தானே முதலில் வருகிறது.

"நாங்க கூப்பிட்டது உனக்குக் கேக்கலையாடி?"

"கேட்டுச்சும்மா."

"கேட்டுச்சா? அப்ப ஏன்டி கொரல் குடுக்கல?"

அவள் தலைமை சிஸ்டரைப் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, காதுக்குள் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அந்த அறையில் எல்லோருக்கும் அது கேட்டது.

"நான் சார்கூட சமாதானம் ஆயிட்டேன்மா. கத்துனா சார் பண்ணது எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அப்ப நான்தானே சமாதானத்த ஒடச்சவ."



பிறகு தலைமை சிஸ்டர்தான் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் இதே மாதிரி ஒருமுறை நடந்திருக்கிறது. சுருதி தப்பிப் பாடியதற்காக என் பெண்ணை அந்த இருட்டறைக்குள் தாழ் போட்டு வைத்திருக்கிறார் அந்த ஆசிரியர். அன்று கொஞ்ச நேரத்திலேயே திறந்துவிட்டாராம். இவள் அழுதுகொண்டே வகுப்பு மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறாள். மிஸ் தலைமை சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கடுமையாகத்தான் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் எல்லாத் தப்புக்கும் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். ஆசிரியர் என் பெண்ணுக்கு முன்னால் மண்டிபோட்டு, தான் செய்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இவள் கையை நீட்டி, மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். எல்லோரும் ஜெபம் செய்திருக்கிறார்கள். சிஸ்டர் கைதட்டியிருக்கிறார். வீட்டுக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் விஷயம் முடிந்துவிட்டதே. முடிந்ததை வெளியே கொண்டு போகக் கூடாது என்பதுதானே வழக்கம்.

அன்றோடு அந்த ஆசிரியருக்கு எல்லாம் தீர்ந்தது. என் பெண்ணின் வாய்தான் கட்டப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை அவளை அந்த அறைக்குள் வைத்தார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவள் சொல்லவில்லை. இந்த முறை உள்ளே வைத்துத் தாழ் போட்ட நேரத்தில் அவருக்கு ஏதோ போன் வந்திருக்கிறது. பேசிக்கொண்டே மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். எப்போதும் போலத் திறந்து அனுப்புவார் என்று மற்றப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். உள்ளே ஒரு பிள்ளை இருப்பதை மறந்துவிட்டார். அவ்வளவுதான். கேட்டால் நம்ப முடியாது. ஆனால் அவ்வளவுதான்.

இதற்குள் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சற்று நேரத்தில் அந்த ஆசிரியரும் தொப்பலாக நனைந்து ஓடி வந்தார். என் வீட்டுக்காரர் சாதாரணமாகக் குரல் உயர்த்தாத மனிதர்.

"இன்னா சார், புள்ளைய உள்ள போட்டு தாப்பா வெச்சிட்டு ஊட்டுக்கு பூட்டியா நீ?" என்று கேட்டுக்கொண்டே ஆசிரியரின் சட்டையைப் பிடித்தார். வாட்ச்மேன் நடுவில் விழுந்து தடுத்தார். ஆசிரியர் தடுக்கவும் இல்லை, விலகவும் இல்லை. வராந்தாவிலேயே மண்டிபோட்டு உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நடிப்பு இல்லை. அது எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அடுத்து நடந்தது இன்னும் என் மனதை அறுக்கிறது.

என் பெண் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். நனைந்த பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றாள். வலது கையை நீட்டினாள்.

யாரும் அவளிடம் சொல்லவில்லை. சிஸ்டர் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. ஒரு பெரியவர் மண்டிபோட்டு அழுதால் தான் செய்ய வேண்டியது அதுதான் என்று அவளுக்குப் பழகிப்போயிருந்தது. 

நான் போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

"அம்மா, கை குடுக்கணும்மா."

"வேணாம்."

"சார் அழறாரும்மா."

"அழட்டும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. தப்பு செய்கிறாயே அம்மா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. பிள்ளையை உள்ளே வைத்துவிட்டுப் போன ஆளை விட்டுவிட்டு, என்னைப் பார்த்து என் பிள்ளை பயந்தது. அந்த இடத்தில் நானும் அழுதுவிட்டேன்.

மறுநாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. நானும் லீவு போட்டேன். தலை வாரிவிட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டால் சொல்வாள் என்று கேட்டேன். தீபாவளி சமயத்தில் நடந்ததை அம்மாவிடமாவது ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொல்ல வந்தேனேம்மா. நீ துணி மடிச்சிகினு இருந்த. பாட்டு சார் இன்னிக்குன்னு ஆரம்பிச்சேன். சண்டையா, சமாதானம் ஆயிடுச்சான்னு கேட்ட. ஆயிடுச்சுன்னேன். அப்ப உடு, மறுபடி பேசக் கூடாதுன்னு சொன்ன."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சீப்பு என் கையில் அப்படியே நின்றது. எவ்வளவு யோசித்தும் எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகத்துக்கு வரவில்லை. துணி மடிக்காத நாள் எது? அவள் வாயெடுத்த ஒரே நேரம் எனக்கு மற்ற எல்லா நேரத்தையும் போலத்தான் இருந்திருக்கிறது. சட்டையில் ஒரு நூல் விட்டால் கண்டுபிடிக்கிற எனக்கு, என் பிள்ளை பேச்சைப் பாதியில் விட்டது கண்ணில் படவில்லை.

அன்று மத்தியானம் தலைமை சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். குழந்தைகள் உதவி மையத்துக்குத் தானே போன் செய்து சொல்லிவிட்டதாகச் சொன்னார். நிர்வாகத்தில் இருக்கிற பெரியவர்கள், கிறிஸ்துமஸ் முடியட்டும், அவசரப்பட வேண்டாம் என்றார்களாம். இவர் கேட்கவில்லை.  அவர்மேல் எனக்கு அப்போது ஆத்திரம்தான். டீ வைத்துக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு என் ரூம்ல நான் சாரையே பாத்துட்டு இருந்தேம்மா. ஒரு பெரியவர் சின்னக் குழந்தைகிட்ட மண்டி போட்டு மன்னிப்புக் கேக்கறாரே, இதைவிட நல்லது ஒரு ஸ்கூல்ல என்ன நடக்க முடியும்னு நெனச்சேன். குழந்தை முகத்தை நான் பாக்கவே இல்ல."

அதைக் கேட்ட பிறகு அவரிடம் கோபப்பட என்னால் முடியவில்லை. அதே தப்பை என் வீட்டில் நானும் செய்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். இன்றுவரை சொல்லவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். ஒரு பெண் அதிகாரி என் பெண்ணோடு தரையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். அப்போதுதான் நடுவில் இன்னும் சில முறை நடந்தது தெரிந்தது. மற்றப் பிள்ளைகளுக்கும் நடந்திருக்கிறது. அதில் ஒரு பிள்ளையும் இதே காரணத்தைச் சொல்லியிருக்கிறது. ஆசிரியரை நீக்கினார்கள், வழக்கும் பதிவானது. அந்த உள் அறையின் கதவையே கழற்றிவிட்டார்கள்.

எல்லோரும் எங்கள் பக்கம் நின்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் விழாவில் பாட்டே இல்லாமல் போனது. பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் எங்களைப் பெயர் சொல்லாமல் கிழித்தார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒரு அப்பா நேராகவே கேட்டார். "பத்து நிமிசம் ரூமுல ஒக்கார வெச்சா இன்னா ஆயிடப் போவுது? நாமல்லாம் வாங்காத அடியா? ஒரு நல்ல வாத்தியாரோட பொழப்ப கெடுத்துட்டீங்களே." பதில் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய பிள்ளை அவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அந்தப் பிள்ளையும் பாடகர் குழுவில்தான் இருந்தது. நான் அவரிடம் எதுவும் சொல்லாமல், "உனக்குப் பசிக்குதாம்மா?" என்று அந்தப் பிள்ளையிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் தலைமை சிஸ்டர் எல்லாப் பெற்றோரையும் பிள்ளைகளையும் மைதானத்தில் உட்கார வைத்துப் பேசினார். தான் செய்த தப்பு என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். மன்னிப்பது பிள்ளைகளின் விருப்பம், யாரும் கேட்டு வாங்கக் கூடாது. மன்னித்த பிறகும் நடந்ததைச் சொல்லலாம், எத்தனை முறை வேண்டுமானாலும், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். பெரியவர்கள் செய்கிற தப்பு பிள்ளைகள் சண்டை இல்லை, அதற்குக் கை கொடுத்து முடிக்க முடியாது என்றார். வெள்ளிக்கிழமைச் சமாதானம் நின்றுபோனது. நல்ல வழக்கம் போயிற்றே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கும்கூட ஒரு ஓரத்தில் வருத்தம் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் ரப்பர் பென்சில் சண்டைக்கு அது நல்ல மருந்துதான். எதற்கு எடுக்க வேண்டிய மருந்து என்று பெரியவர்களான எங்களுக்குத்தான் தெரியவில்லை.

பெரியவளைக் கேட்டுத்தான் முடிவு செய்தோம். தோழிகளை விட்டுப் போக மாட்டேன் என்றாள். அதே பள்ளியில்தான் இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பாட்டுக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை. நாங்களும் கேட்கவில்லை. த்ரோபால் விளையாடுகிறாள். உயரமாகிவிட்டாள். இருட்டில் தூங்க மாட்டாள் என்பதைத் தவிர வெளியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

எங்கள் வீட்டில் இப்போது எந்தச் சண்டையையும் முடித்துவைப்பதில்லை. எதை வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறேன். சின்னவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் யாரோ அவள் தண்ணீர் பாட்டிலை உதைத்ததை இன்னும் வாரத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து சொல்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பெரியவளிடமும் தினமும் சாயங்காலம் கேட்கிறேன். கையில் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், எதிரே உட்கார்ந்து, இன்று என்ன நடந்தது என்று கேட்கிறேன். நல்ல பிள்ளை. என் முகம் வாடக் கூடாது என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். "ஒண்ணுமில்லம்மா" என்பாள். அந்த ஒன்றுமில்லை உண்மையிலேயே ஒன்றுமில்லைதானா என்று கண்டுபிடிக்கிற வழி எனக்குத் தெரியவில்லை. அவள் தானாகச் சொல்ல வந்த ஒரு நாளைத் தொலைத்துவிட்ட நான், அவள் மறுபடி வாயெடுக்கும்வரை அவள் எதிரே உட்கார்ந்து காத்திருக்கத்தான் வேண்டும்.